அக்கா மிதிக்கும் பிரேக்

அந்தக் காரில் கம்பெனிக்காரன் வைத்தது மூன்று மிதிகள்தான். நான்காவதை அக்கா வைத்துக்கொண்டாள். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், அவளுடைய வலது பாதத்துக்கு நேர் கீழே அது இருந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வளைவு வந்தால் போதும், எதிரே லாரியின் மூக்கு தெரிந்தால் போதும், அக்காவின் கால் தானாகப் போய் அதை அழுத்தும். அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு தேய்ந்து, பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது.

அந்த ஓட்டையை, காரை ஓட்டும் தங்கை சின்னவள் ஒருநாள் அளந்துகூடப் பார்த்தாள். இருபத்து மூன்று மில்லிமீட்டர். அளப்பது அவளுக்குப் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவள் அவள். ஒரு தலைமுடியின் கனம் கூடினால் சட்டத்தில் உட்காராது, குறைந்தால் கழன்று விழும் என்கிற உலகத்தில் காலை முதல் மாலை வரை இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. மிக்ஸியைப் பிரிப்பாள். கதவுப் பூட்டைப் பிரிப்பாள். பெரும்பாலும் திரும்பவும் சேர்த்துவிடுவாள்.

அக்காவுக்கும் அவளுக்கும் வீடு ஒரே தெருவில், மேட்டின் உச்சியில். வேலை இருவருக்கும் கீழே ஊருக்குள். அக்கா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அதற்கு எதிர்ச் சாரியில்தான் கண்ணாடிக்கடை. காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கம், பதினேழு வளைவு, நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷம்தான் அக்காவும் தங்கையும் தங்களுக்கென்று வைத்திருந்த நேரம். வீட்டில் பேசினால் புருஷன்மார் காதில் விழும். போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். காரில் அந்தத் தொல்லை இல்லை. யாரைப் பற்றி வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பேசினார்கள். ஆறு வருஷமாக.

போன மாதம் பிரேக் நடுங்க ஆரம்பித்தது. இறக்கத்தில் மிதித்தால் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. பிறகு ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடியது. வியாழக்கிழமை காலையில் மூன்றாவது வளைவில் அக்கா தன் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து நான் பஸ்ல போய்க்கிறேன்டி. ஏழு இருபதுக்கு ஒண்ணு இருக்காம். விசாரிச்சு வச்சுட்டேன்."

"பிரேக்கை மாத்திடுறேன்க்கா. சனிக்கிழமை, வீட்டுலேயே."

"வீட்டுலேயேவா." அக்கா இதைக் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்றாள். "நாங்களும் ஆபரேஷனை அவங்கவங்க வீட்டுலேயே பண்ணிட்டா எவ்வளவு வசதி."

"நீயே வந்து கூட இருந்து பாரு. திருப்தி இல்லேன்னா பஸ்ல போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வர்றேன். ஆனா பஸ் டைம் பஸ் டைம்தான்."

சின்னவள் காரை எதிர்ச்சாரிக்குத் திருப்பினாள். ஒரு தடவை பஸ்ஸுக்குப் பழகிவிட்டால் அக்காவைத் திரும்பக் கொண்டுவருவது நடக்கிற காரியமா? பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை இருக்கிறது, கூடப் பேச ஆஸ்பத்திரிக்காரிகள் நாலு பேர் இருக்கிறார்கள். நாற்பது நிமிஷம் தனியாக இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். ரேடியோ கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

சாமான்களை அவள் ஏற்கெனவே வரவழைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைப் பிரித்தபோது அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மருந்துக்கடையில் மருந்து கலந்து கொடுப்பவர். குப்பியில் எந்தக் கோடு வரைக்கும் வரவேண்டுமோ அந்தக் கோடு வரைக்கும் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது. ஆனால் பராமரிப்பு முழுக்கத் தன் பொறுப்பு என்று சொல்லிக்கொள்வார். பராமரிப்பு என்றால் முன்மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற குப்பிகளில் எது கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்று பார்ப்பது.

"என் கை பட்டதிலேர்ந்து இந்த வண்டியில ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சதுண்டா?" என்று கேட்டுக்கொண்டே டிஸ்க்கைத் தூக்கப் போனார். பாதி தூக்கியதும் கனம் தாங்காமல் வைத்துவிட்டார். "இது என்ன, தட்டா? இதுல சாப்பிட்டா கழுவ ரெண்டு ஆள் வேணும் போல."

"இதுதான் சக்கரத்தோட சேர்ந்து சுத்துற டிஸ்க். ரெண்டு பக்கமும் இந்தப் பேடுங்க இருக்கும். நீங்க பிரேக் மிதிச்சா பேடு ரெண்டும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும். சுத்துற தட்டைக் கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடிச்சு நிறுத்துற மாதிரி."

"பழசு மாதிரி இல்லியே. பெரிசா இருக்கு."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "இங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய் அறைக்கதவின் முன்னால் நிறுத்தினாள். "கீல் பக்கத்துல ஒத்தை விரலை வச்சுத் தள்ளுங்க."

தள்ளினார். விரல்தான் வளைந்தது.

"இப்ப கைப்பிடிகிட்ட."

கதவு சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்ச் சுவரில் மோதியது.

"அதே விரல், அதே பலம். நடுவுலேர்ந்து தள்ளிப் போகப் போக வேலை சுலபம். டிஸ்க் பெரிசானா பேடு இன்னும் வெளியில தள்ளிப் பிடிக்கும். அதே கால், அதே மிதி, பிடி கூடும். இன்னொண்ணு, வண்டியோட வேகம் எங்கேயும் காணாமப் போறதில்ல. சூடா மாறி டிஸ்க்குல ஏறிக்கும். பெரிய டிஸ்க்னா அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. நம்ம இறக்கத்துக்கு அதுதான் வேணும். இது இதே கம்பெனியோட பெரிய வண்டிக்கு வர்றது. பேடு இருக்கிற காலிப்பரைத் தள்ளி மாட்ட இந்தப் பிராக்கெட்டும் கூடவே வந்திருக்கு."

"சக்கரத்துக்குள்ள இடம் பத்தணுமே."

அவள் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். பழைய செருப்புப் பெட்டியை வெட்டி, காலிப்பர் எவ்வளவு தூரம் வெளியே வருமோ அதே வளைவுக்குச் செய்த அச்சு. சாமானுக்குச் சொல்வதற்கு முன்பே நான்கு சக்கரத்தையும் கழற்றி ஒவ்வொன்றின் உள்ளேயும் அதை வைத்துச் சுற்றிப் பார்த்திருந்தாள். நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. அவளுடைய கணக்கில் அது மைதானம்.

"எல்லாம் பார்த்தாச்சு" என்றாள்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் காரை வாசல் சிமெண்டுத் தரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்தாள். சக்கர நட்டுகளை முதலில், சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒரு சுற்று தளர்த்தினாள். தூக்கிவிட்டுத் திருகினால் நட்டு அசையாது, சக்கரம்தான் கூடச் சுற்றும். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டு இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, தோளைக் கொடுத்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கழற்றிய சக்கரத்தையும் விடவில்லை. வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டாள். தாங்கி கைவிட்டாலும் சக்கரம் தாங்கும்.

அப்போதுதான் அக்கா வந்தாள். கையில் ஒரு ஸ்டீல் டிரே, வெள்ளைத் துணி, பென்சில். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வந்தது வேடிக்கை பார்க்க. உட்கார்ந்தது தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி.

"எதுக்குக்கா டிரே?"

"வெளிய வர்றதையெல்லாம் இதுல வை. நான் எண்ணிக்கிறேன்."

இருபத்தோரு வருஷமாக அக்காவுக்கு அதுதான் வேலை. வயிற்றைத் திறப்பதற்கு முன் கத்தி எத்தனை, இடுக்கி எத்தனை, பஞ்சு எத்தனை என்று எண்ணி எழுதவேண்டும். மூடுவதற்கு முன் மறுபடி எண்ணவேண்டும். எண்ணிக்கை ஒத்துப் போகாமல் எப்பேர்ப்பட்ட டாக்டராக இருந்தாலும் ஒரு தையல் போடமுடியாது. டிஸ்க் வந்த பெட்டியின் மூடியைக் கிழித்து, கோடு போட்டு, எழுதத் தொடங்கினாள். சக்கர நட்டு நான்கு. காலிப்பர் போல்ட் இரண்டு. பிராக்கெட் போல்ட் இரண்டு. டிஸ்க் திருகு ஒன்று. அது மட்டும் துருப்பிடித்து வர மறுத்தது. சின்னவள் சுத்தியலை எடுத்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆறு அடி.

"அண்ணி, உங்க தியேட்டர்லயும் இப்படித்தான் சத்தம் வருமா?" என்றார் மருந்துக்காரர்.

"எலும்பு டாக்டர் வர்ற அன்னிக்கு வந்து கேளுங்க தம்பி. இது தாலாட்டு."

காலிப்பரைக் கழற்றியதும் சின்னவள் அதைக் குழாயில் தொங்கவிடாமல், ஒரு கம்பியை வளைத்து மேலே கட்டினாள். அந்த ரப்பர் குழாய்க்குள்தான் பிரேக் ஆயில் ஓடுகிறது. இரும்பின் பாரத்தை அதன் மேல் விட்டால் உள்ளுக்குள் கிழியும். கிழிந்தது வெளியே தெரியாது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"டியூபைத் தொங்க விடல. ம்" என்றாள். பாராட்டு அவ்வளவுதான். சின்னவளுக்கு அதுவே ஒரு வாரத்துக்குப் போதும்.

பழைய பேடு வெளியே வந்தபோது மூவரும் குனிந்து பார்த்தார்கள். புதிதாக இருக்கும்போது சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தது இப்போது நகத்தின் கனத்துக்கு வந்திருந்தது. அதற்குப் பின்னால் வெறும் இரும்பு.

"இதை நம்பித்தான் நான் ஒரு மாசமா கீழ இறங்கினேனா?" என்றாள் அக்கா.

"ஒண்ணரை மில்லிமீட்டர் இருக்குக்கா."

"அப்ப கவலையே இல்ல."

சின்னவள் மைக்ரோமீட்டரை எடுத்து டிஸ்க்கின் கனத்தை எட்டு இடத்தில் அளந்தாள். ஓரிடத்தில் கூடுதல், ஓரிடத்தில் குறைச்சல். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. அந்தத் தூசியளவு மேடுபள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தள்ளித் தள்ளிவிட, அது பேடுக்குப் பின்னால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, அது ஆயிலைத் தள்ள, ஆயில் மிதியைத் தள்ள, கடைசியில் காலடியில் கடகடவென்று வந்திருக்கிறது. நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் வேறொன்று அவளுக்கு இடித்தது.

"பேடு இவ்வளவு தேஞ்சிருக்கு. சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்கணுமே. ஏன் எரியல?"

"பராமரிப்பு அப்படி" என்றார் மருந்துக்காரர்.

புதுப் பேடு கனமானது. அதற்கு இடம் விட, வெளியே வந்து நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். அவள் ஒரு திருகுப்பிடியை மாட்டி மெதுவாகத் திருகினாள். பிஸ்டன் சமர்த்தாக உள்ளே போயிற்று. அதே நேரத்தில் முன்மூடிக்குக் கீழேயிருந்து சொட் சொட்டென்று ஏதோ விழுந்தது.

"மழையா?" என்று அக்கா வானத்தைப் பார்த்தாள்.

சின்னவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். பிரேக் ஆயில் குப்பி மூடி வரைக்கும் நிரம்பி, விளிம்பு தாண்டி வழிந்து, பெயின்ட் மேல் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி, தண்ணி எடுங்க. இது பெயின்டைத் தின்னுடும்." வாளியோடு வந்தவர் ஊற்றினார். அவள் கழுவினாள். கழுவி முடித்து, ஈரக் கையோடு நிமிர்ந்து, அவரைப் பார்த்தாள்.

"இதுல நீங்க ஊத்தினீங்களா?"

"காலையில." அவர் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஒரு நூல் குறைஞ்சிருந்துச்சு. வேலை பார்க்கிற நாளாச்சே, சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"அதுக்கு முன்னாடி?"

"மாசத்துக்கு ஒரு தடவை. எப்பவும் ஒரு நூல்தான் குறையும்."

சின்னவள் அப்படியே செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரவேண்டிய இடம். ஆனால் ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று புரிந்துவிட்டால் அவளுக்குக் கோபத்துக்கு நேரம் இருப்பதில்லை. "இங்க பாருங்க. பேடு தேயத் தேய, பிஸ்டன் அதைத் தொட வெளிய வரும். வந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழ இறங்கும். குப்பியில அளவு குறையும். ஆயில் எங்கேயும் ஒழுகல. இடம் மாறி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். ரொம்பக் குறைஞ்சா சிவப்பு லைட்டு எரிஞ்சு, பேடு தேஞ்சுபோச்சு பாருன்னு சொல்லும். நீங்க ஒவ்வொரு நூலுக்கும் ஊத்தி ஊத்தி அதோட வாயை அடைச்சிட்டீங்க. இப்ப பிஸ்டன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகுது, இறங்கினதெல்லாம் மேல ஏறி வருது."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "தம்பி, உள்ளுக்குள்ள ரத்தம் குறையுற ஆளுக்கு, எங்க போகுதுன்னு பார்க்காம பாட்டில் மேல பாட்டிலா ஏத்திவிட்டு, பாருங்க கோடு சரியா இருக்குன்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன் அண்ணி."

"நல்லது."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. உள்ளே போனவர் கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய ஊசியில்லாத சிரிஞ்சோடு வந்து, தானே குனிந்து, குப்பியிலிருந்து கூடுதல் ஆயிலை உறிஞ்சி எடுத்தார். எடுத்தது எழுபத்தைந்து மில்லி. அதையும் கேட்காமலே சொன்னார்.

பிறகு வேலை ஓடியது. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்து எடுத்தாள். அது பேடில் ஏறினால் பிடிப்பதற்குப் பதில் வழுக்கும். பெரிய பிராக்கெட், நான்கு கிளிப், இரண்டு பேடு, மேலே காலிப்பர். போல்டுகளை முடுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒன்றை எடுத்தாள். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதைக் கைப்பிடியில் வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் அது டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதோடு நிறுத்தவேண்டும்.

டக்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "போதும்னு அதுவே சொல்லுதா?"

"ஆமா."

"எங்க சின்ன டாக்டருக்கு ஒண்ணு வாங்கிக் கொடுக்கணும். குடு இப்படி."

அடுத்த பக்கத்துச் சக்கரத்தின் போல்டுகளை அக்காதான் முடுக்கினாள். ஒவ்வொரு டக்குக்கும் மூடி அட்டையில் ஒரு டிக். எல்லாம் முடிந்தபோது டிரே காலி. எண்ணிக்கை இரண்டு தடவையும் ஒத்துப் போயிற்று. நான்கு சக்கரமும் தரையில் நின்றன.

சின்னவள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். கால் நேரே தரைக்குப் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கண் பெரிதானது.

"பயப்படாத. பிஸ்டனை உள்ள தள்ளிட்டோமே, அது இன்னும் பேடைத் தொடல. மிதிக்க மிதிக்க முன்னாடி வரும். இதைச் செய்யாம வண்டியை எடுத்தவன்தான் நேரா செவுத்துல போய் நிப்பான். எண்ணு."

அக்கா எண்ணினாள். நான்காவதில் மிதி கொஞ்சம் எதிர்த்தது. ஏழாவதில் நன்றாக நின்றது. பத்தாவதில் கல். குப்பியில் ஆயில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. "இப்ப ஊத்துங்க" என்று சின்னவள் கணவரைக் கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உரிமையோடு, கோடு வரைக்கும், ஒரு துளி கூடாமல் ஊற்றினார்.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எண்ணிட்டேன். சக்கரம் எழுதல. சக்கரம் எத்தனை?"

"நாலு."

"வண்டியில எத்தனை இருக்கு?"

"நாலு."

"டிக்கியில?"

சின்னவள் டிக்கியைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டெப்னி. மற்ற நான்கையும் போல இல்லாமல் ஒரு சுற்று சின்னது, வெறும் இரும்பு. வாங்கிய நாளிலிருந்து டிக்கிக் கம்பளத்துக்குக் கீழே தூங்குகிறது. செருப்புப் பெட்டி அச்சை அவள் அதற்குள் வைத்துப் பார்க்கவே இல்லை. "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொன்ன வாய் இது.

"முன்சக்கரம் பஞ்சரானா அது இந்தப் பெரிய டிஸ்க் மேல உட்காருமா?" என்று அக்கா கேட்டாள்.

உட்காரும்க்கா என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தச் சக்கரத்தை ஆறு வருஷத்தில் ஒருநாளும் யாரும் எடுத்ததில்லை, இனியும் யார் எடுக்கப் போகிறார்கள்? ஆமாம் என்றால் திங்கட்கிழமை அக்கா பக்கத்தில் இருப்பாள். இல்லை என்றால் ஏழு இருபது.

"தெரியலக்கா" என்றாள். "பார்க்கல."

"பாரு."

மறுபடி ஜாக்கி, மறுபடி தாங்கி. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தாள். ணங் என்றது. காலிப்பரில் இடித்து, ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தாள். ணங். வேறு பக்கம் திருப்பினாள். இரும்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் இரும்புதான்.

மருந்துக்காரர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்கா பென்சிலை டிரேயில் வைத்து, துணியை மடிக்கத் தொடங்கினாள்.

சின்னவள் ஸ்டெப்னியைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். காரின் பின்பக்கம் கண்ணில் பட்டது. பின்னால் டிஸ்க் கிடையாது. மூடிய டிரம் பிரேக். அதில் அவள் கை வைக்கவே இல்லை. அது பழைய அளவிலேயே இருந்தது.

"அக்கா, இரு" என்றாள். "இது முன்னாடி உட்காராது. பின்னாடி உட்காரும். முன்சக்கரம் பஞ்சரானா, பின்சக்கரத்தைக் கழட்டி முன்னாடி போட்டு, இதைப் பின்னாடி போடணும். ஒரு வேலைக்கு ரெண்டு வேலை. ஆனா வீடு வந்து சேரலாம்."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள். "செஞ்சு காட்டு."

"இப்பவா?"

"பஞ்சர் சொல்லிட்டா வரும்?" கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னவள் செய்தாள். காலையிலிருந்து குனிந்த முதுகு கெஞ்சியது. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர், டிக்கியில் என்ன இருக்குமோ அது மட்டும். பின்சக்கரம் முன்னால் போயிற்று. ஸ்டெப்னி பின்னால், டிரம்மின் மேல், ஒரு முனகல் இல்லாமல் போய் உட்கார்ந்தது.

"இருபத்தாறு நிமிஷம்" என்றாள் அக்கா. எழுதிக்கொண்டாள். "மழை பெஞ்சா?"

"இவரு குடை பிடிப்பாரு."

"இவரு எங்க வண்டியில வர்றாரு? நான்தானே இருப்பேன். ஒரு குடையை டிக்கியிலேயே போட்டு வை."

சொல்லிவிட்டு அக்கா அட்டையில் 'குடை ஒன்று' என்று எழுதினாள். தான் என்ன சொன்னோம் என்பதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. சின்னவள் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல், நட்டு ஒன்று சரியாக முடுக்கியிருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சக்கரங்களைப் பழையபடி மாட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் 'முன்னால் போடாதே, பின்னால் மட்டும்' என்று பெரிதாக எழுதி ஸ்டெப்னியில் ஒட்டினாள்.

"எங்க தியேட்டர்ல எண்ணிக்கை உதைச்சா யாரையும் திட்ட மாட்டோம்" என்றாள் அக்கா, நாற்காலியை உள்ளே எடுத்துப் போய்க்கொண்டே. "சரியா இருக்குன்னு வாய்கூசாமச் சொல்லிட்டு, அப்புறம் உதைச்சாத்தான் திட்டுவோம்." திரும்பி மருந்துக்காரரைப் பார்த்தாள். "உங்களைச் சொல்லல தம்பி. உங்களை ஏற்கெனவே திட்டியாச்சு."

ஞாயிறு காலை, ஆளில்லாத நேர்சாலையில் சின்னவள் புதுப் பேடுகளைப் பழக்கினாள். நல்ல வேகத்தில் போய், பாதி வேகத்துக்கு வரும்வரை அழுத்திப் பிடித்து, நிற்கவிடாமல் விட்டு, மறுபடி வேகம். இப்படிப் பத்துத் தடவை. சூட்டில் பேடின் பூச்சு மெல்லிய படலமாக டிஸ்க் முழுக்கச் சீராக ஏறவேண்டும். அதன் பிறகு பேடு அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும். சூட்டோடு நிறுத்தினால் நின்ற இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டி, பழைய நடுக்கம் திரும்ப வரும். ஆகவே கால் படாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டாள். மாலையில் வாசலில் முன்மூடி திறந்திருப்பதைப் பார்த்துப் போனாள். வீட்டுக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கிறேன். ஊத்தல" என்றார்.

திங்கட்கிழமை ஏழு பத்துக்கு அக்கா பையோடு வந்து கதவைத் திறந்தாள். உட்காராமல் கீழே பார்த்தாள். அவள் கால் வைக்கிற இடத்தில் புத்தம்புது ரப்பர் விரிப்பு.

"இது என்னடி?"

"உன் பக்கத்துப் பேடும் தேஞ்சுபோயிருந்துச்சு. சேர்த்து மாத்திட்டேன்."

"ரொம்பத்தான்" என்று அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவில் பேச்சில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வளைவில் லாரி ஒன்று ஏறி வந்தது. சின்னவள் மிதித்தாள். தோளில் யாரோ கை வைத்து இரு என்று சொன்னதுபோல் கார் அடங்கியது. நடுக்கமில்லை, முனகலில்லை. ஆனால் பக்கத்தில் அக்காவின் கால் போய்ப் புது விரிப்பை அழுத்தியதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். சரி, இது எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்தச் சின்ன டாக்டர் வெள்ளிக்கிழமை என்ன பண்ணாரு தெரியுமா?" என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. அது நல்ல விஷயங்களுக்கான குரல்.

"என்ன பண்ணாரு?"

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். சின்ன டாக்டரிலிருந்து பெரிய டாக்டருக்குப் போய், அங்கிருந்து அவர் மச்சினிக்குப் போய், ஆறாவது, ஏழாவது, எட்டாவது வளைவு போயிற்று. பதினோராவது வளைவு எல்லாவற்றிலும் செங்குத்து. சின்னவள் அழுத்தினாள். பக்கத்தில் ஒன்றும் அசையவில்லை. ஒரு கணம் கீழே பார்த்தாள். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். கணுக்கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, பாதங்களை விரிப்புக்கு அந்தப்பக்கம் மூலையில் சாய்த்து, கைகளை ஆட்டி ஆட்டி மச்சினியை விவரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சிரிக்கிற? நான் இன்னும் சிரிப்பு வர்ற இடத்துக்கே வரலியே."

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"ரோட்டைப் பாரு" என்றாள் அக்கா, மூலையிலிருந்து காலை எடுக்காமல்.